அரிப்பு மருதமரத்து நோயாளி

வியாழக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் பஸ் வெளிக்கிட்டது. ரிக்கற் ஐந்நூற்றுப் பத்து ரூபாய். மடியில் ஒரு பிஸ்கற் தகரம் வைத்திருந்தேன். அதற்குள் சின்னத் திருகாணி முறுக்கிகள் ஐந்து, லென்ஸ் துடைக்கிற மெல்லிய தாள், நுணுக்குக்காட்டிக்கு விடுகிற எண்ணெய் ஒரு குப்பி. பக்கத்துச் சீற்றுக்காரர் தகரத்தைப் பார்த்து, பிஸ்கற்றோ என்று கேட்டார். ஒரு பருந்தின் இரத்தம் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் மனுஷன் எழும்பி வேறு இடத்தில் இருந்துவிடுவார் என்று பயந்து ஓம் என்றேன். பூநகரி தாண்டுவதற்குள் அவர் இரண்டு தரம் தகரத்தைப் பார்த்தார். முழங்காவிலில் இறங்கும்போது மூன்றாம் தரமும் பார்த்து, "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அதை என் கொப்பியில் எழுதி வைத்தேன். ஊர் பார்ப்பதை விட ஊரார் பேச்சைக் கேட்பதில் எனக்கு ருசி அதிகம்.

என் தொழில் லென்ஸ் திருத்துவது. கமெரா, தூரநோக்கி, பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி, எது வந்தாலும் கழற்றிப் பூட்டுவேன். படிப்பித்தவர் ஒருவரும் இல்லை. முதல் ஐந்தாறைக் கெடுத்துத்தான் பழகினேன். என்னிடம் பழைய நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கிப் போனவர்தான் மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்கிற கடற்கரை ஊரில் இருக்கிற செபமாலை அண்ணன். மலேரியா வேலையில் ஊர் ஊராகத் திரிந்து விரல் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தவர். பென்சன் வந்த பிறகும் கண் சும்மா இருக்கவில்லை. குளத்துத் தண்ணீர், நண்டின் கால் என்று எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

முந்தின நாள் மத்தியானம் அவர் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, குழாய் நழுவுது. எண்ணெய் லென்ஸ் புகார் பிடிச்சுப்போய்க் கிடக்கு. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு பிலோமினாவின்ர மரத்தை வெட்டப் போறாங்கள். வெட்ட வைச்சது நான்தான். அதுக்கு முன்னம் நான் இன்னொருக்காப் பாக்க வேணும்."

மிச்சத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் எடுத்தேன். பக்கத்து வளவில் பிலோமினா என்று ஒரு பெண். கருவாடு போட்டு விற்பவர். அவருடைய வளவின் மூலையில், ஆற்றோரமாக ஒரு பெரிய மருதமரம். அதில் வெள்ளைத்தலைப் பருந்துகளின் கூடு. திங்கட்கிழமை ஒரு குஞ்சு, பறக்கப் பழகுகிற வயதுக் குஞ்சு, கீழே விழுந்து எழும்பாமல் கிடந்தது. வாயின் உட்புறம் வெளிறிப் போயிருந்ததாம். செபமாலை அண்ணன் அந்த வெளிறலை ஆயிரம் மனிதர்களில் கண்டவர். சிறகின் அடிப்பக்கத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்து, மிச்சம் இருந்த ஊதாச் சாயத்தைப் போட்டுப் பார்த்தார். கண்ணாடித் துண்டு முழுக்க ஊதாப் புள்ளி. "என்ர சேவிசில இப்பிடி ஒரு சிலைட் கண்டதில்லை" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி கிணற்றடியில் சொன்னார். பொழுது படுவதற்குள், பருந்து மலேரியாவைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது என்று ஊர் முழுக்கத் தெரியும். மரத்தை வெட்டிக் கூட்டை எரித்துக் குஞ்சைப் புதைப்பது என்று மீனவர் சங்கத் தலைவர் முடிவு எடுத்தார். மலேரியா இல்லாத நாடு என்று பேர் வாங்கியாயிற்று. அந்தப் பேரை அரிப்பு கெடுக்கக் கூடாது என்பது அவர் பேச்சு.

9.10. மன்னார் பஸ் நிலையம். சிலாவத்துறை பஸ் அப்போதுதான் போயிருந்தது. தாராபுரத்து நிசார் என்ற ஓட்டோக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் பஸ்சை விட்டவன் என்று கண்டுகொண்டார். அரிப்புக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பாலத்தைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் காற்று ஓட்டோவை ஒரு பக்கமாகத் தள்ளியது. "இஞ்ச காத்து வாடகை குடுக்காமக் குடியிருக்கு அண்ணே" என்றார் நிசார். வங்காலைப் பக்கம் தரவையில் தண்ணீர் வற்றி உப்புப் பூத்திருந்தது. தூரத்தில் நாரைகள். ஒரு கழுதை வீதியின் நடுவில் நின்று யோசித்தது. அது யோசித்து முடிக்கும் வரை நிறுத்தி வைத்தார்.

நான் போகிற காரியத்தை அவரிடம் மறைக்கவில்லை. சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளத்தில் முகாமில் இருந்தவர். அங்கே குளிர்காய்ச்சல் வந்தால் ஏழு பேருடைய போர்வையைப் போட்டாலும் குளிர் போர்வைக்கு மேலே நிற்கும் என்றார். அவருடைய வாப்பாவுக்கு ஒரே வருடத்தில் மூன்று தரம் வந்ததாம்.

"அதனால வெட்டுறவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டன் அண்ணே. பயம் வந்தவனுக்குக் கை முதல்ல கத்தியத்தான் தேடும்."

இதுவும் கொப்பிக்குப் போயிற்று.

10.40. அரிப்பு. அருவியாறு கடலோடு சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தெருவிலிருந்து நூறு அடி உள்ளுக்கு அந்த மரம். அடி மரத்தைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் வேண்டும். உச்சிக் கவட்டில் சுள்ளிக் கூடு. தாய்ப் பருந்து மேலே வட்டமடித்துக் கத்தியது. பெரிய பறவைக்குப் பொருந்தாத, சிணுங்கல் மாதிரி ஒரு சத்தம்.

பிலோமினா மரத்தைச் சுற்றிக் கருவாட்டுப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். கம்பு நட்டு, வலை விரித்து, அதன்மேல் கீறின மீனை வரிசையாக அடுக்கி. ஐம்பது வயது இருக்கும். யாரென்று கேட்டார், சொன்னேன்.

"ஏன் அக்கா, வழமையாக் கடற்கரையிலதானே காயப் போடுவியள்?"

"இஞ்ச நல்லாக் காயும்" என்றார். மரநிழலில் மீன் காயாது என்பது எனக்குமே தெரியும். "ரெண்டு நாளாகும். அது வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரேலாது பாருங்க."

கோபம் வந்தால் அவர் பேச்சில் அந்தப் 'பாருங்க' வரும். இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

குஞ்சை, கோழியைக் கவிழ்த்து மூடுகிற ஒரு கரப்புக்குக் கீழே, தென்னோலைக் கிடுகு நிழலில் வைத்திருந்தார். சிறகைத் தொங்கப் போட்டுக் கண்ணைப் பாதி மூடி இருந்தது. சூடை மீனைக் கீறி நுனியைக் காட்டினார். மூன்றாம் தரம்தான் வாய் திறந்தது. "கேக்கத் தெரியாத பிள்ளை" என்று எனக்கு அறிமுகம் செய்து வைத்தார்.

செபமாலை அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரவில்லை. மூன்று நாளாக பிலோமினா அவரோடு கதைப்பதில்லை என்று பிறகு அறிந்தேன். என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எழுபது தாண்டியும் நேராக நடக்கிற மனிதர், அன்றைக்குக் கூனியிருந்தார்.

நுணுக்குக்காட்டியில் பெரிய பழுதில்லை. குழாயைப் பிடிக்கிற வளையம் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டேன். எண்ணெய் லென்ஸில் பழைய எண்ணெய் பாகு மாதிரி இறுகி, அதன்மேல் பூஞ்சணம். பெற்றோல் ஒரு துளி, தாள், பொறுமை. ஒரு மணித்தியாலம் போயிற்று. துடைத்து முடித்து, எந்த லென்ஸைத் திருத்தினாலும் நான் பார்ப்பது போல முதலில் நானே கண்ணை வைத்தேன். அவருடைய சிலைட்டைத்தான் வைத்துப் பார்த்தேன்.

அங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என் கடைக்குப் பக்கத்தில் கோழிக்கடை. லென்ஸ் திருத்தினால் சோதித்துப் பார்க்க ஏதாவது வேண்டுமே. இருபது வருடமாகக் கோழி இரத்தத்தைத்தான் கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போட்டுப் பார்க்கிறேன். மனித இரத்தத்தில் சிவப்பு அணு வெறும் வட்டம், நடுவில் ஒன்றும் இல்லை. கோழி இரத்தத்தில் ஒவ்வொரு சிவப்பு அணுவுக்கும் நடுவில் ஒரு கரிய விதை உண்டு, புளியங்கொட்டை மாதிரி. சாயம் போட்டால் அந்த விதை ஊதாவாகும். இதற்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இது தெரியும்.

"அண்ணன், இது கோழி மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

அந்தக் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மலேரியா வேலையில் ஒரே கண்ணாடித் துண்டில் இரண்டு பூச்சுப் பூசுவார்கள். ஒரு முனையில் தடித்த பூச்சு, மற்ற முனையில் மெல்லிய பூச்சு. தடித்ததில் தண்ணீர் பட்டுச் சிவப்பு அணு எல்லாம் கரைந்து போகும். மனிதனுடையது என்றால் மிஞ்சுவது வெள்ளை அணுவும் கிருமியும்தான். ஊதாப் புள்ளியைத் தேடிப் பிடிப்பது சுலபம். ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்க வேண்டிய காலத்தில் அதுதான் குறுக்கு வழி. பறவைக்கு அந்த வழி சரிவராது. அணு கரைந்தாலும் விதை கரையாது. தடித்த பூச்சு முழுக்க விதைகள் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துத்தான், ஆயுள் முழுக்க மனித இரத்தமே பார்த்த கண், முழுக்கக் கிருமி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

உறுதிப்படுத்த ஒரு கோழி வேண்டும். வேலிக்கு மேலால் கேட்டோம். பிலோமினா பதில் சொல்லாமல், அயல் வீட்டிலிருந்து வந்து பந்தலுக்குக் கீழே கருவாட்டுக்கு வாய் வைத்துக்கொண்டிருந்த ஒரு சிவப்புச் சேவலைப் பிடித்து நீட்டினார். துளி இரத்தம், தடித்த பூச்சு, சாயம், அரை மணித்தியாலம். அதே ஊதாக் கூட்டம். இன்னும் அடர்த்தி.

செபமாலை அண்ணன் கதிரையில் சாய்ந்தார். காலையில் இருந்த கூனல் போயிருந்தது. அப்படியே சாப்பிடப் போயிருக்கலாம். ஆனால் லென்ஸ் இப்போது துலக்கமாக இருந்ததே. பருந்தின் சிலைட்டைத் திரும்ப வைத்து, மெல்லிய பூச்சுப் பக்கம் நகர்த்திப் பார்க்கத் தொடங்கினார். அரை மணித்தியாலம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, பார் என்று எனக்கு இடம் விட்டார்.

ஒரு சிவப்பு அணு. நடுவில் இருக்க வேண்டிய விதை ஒரு மூலைக்குத் தள்ளுப்பட்டிருந்தது. தள்ளினது இன்னொன்று: சின்னச் சின்ன ஊதா மணிகள் சேர்ந்த ஒரு கொத்து, நடுவில் மண்ணிறத் தூள்.

"கொத்து வைக்குது. தூளும் கிடக்கு. இது விதை இல்லைத் தம்பி. இதுதான் அது."

நூறு அணுவுக்கு இரண்டு மூன்றில் இருந்தது. குஞ்சுக்கு மெய்யாகவே மலேரியா.

உடனே முருங்கனில் இருக்கிற மிருக வைத்தியருக்கு ரெலிபோன் எடுத்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டார். பருந்து, வல்லூறு மாதிரிப் பறவைகளுக்கும் தங்களுக்கென்று மலேரியாக் கிருமிகள் உண்டு, அவை மனித இரத்தத்தில் பிழைக்காது, அவற்றைக் காவுகிற நுளம்பும் பெரும்பாலும் வேறு இனம் என்றார். மனிதனுடைய மருந்துக் குளிசையைக் கொடுக்கக் கூடாது, நிழலும் தீனும் கொடுத்தால் தாங்குகிற குஞ்சு தாங்கும், காட்டுத்துறை ஆட்களுக்குத் தானே அறிவிக்கிறேன், சிலைட்டைக் காலையில் கொண்டுவாருங்கள் என்றார். நுளம்புதான் கிருமியைக் காவுகிறது என்பதையே அந்தக் காலத்தில் குருவிகளை வைத்துத்தான் தெளிவாகக் கண்டுபிடித்தார்களாம். எங்கள் காய்ச்சலுக்கு வழி காட்டியது பறவை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மணி மூன்று. ஒரு யோசனை எனக்கு வந்தது. வெட்கத்தோடு எழுதுகிறேன். சேவல் சிலைட்டைக் காட்டினாலே ஊர் சிரித்துக் கலைந்துவிடும், மரம் தப்பும். மெல்லிய பூச்சைப் பற்றி ஏன் வாய் திறக்க வேண்டும்? அதை அவரிடம் சொன்னேன்.

"ஒருக்கா அரைகுறையாப் பாத்துச் சொன்னன். இனி அரைகுறையாச் சொல்லுறதோ?" என்றார்.

4.00. ஆட்கள் முப்பது பேரளவில் வந்தார்கள். மரம் அரியிற மெஷினோடு ஒருவர். முன்னுக்குத் தலைவர். உயரமான, மெல்லப் பேசுகிற மனிதர். மெஷின்காரர் பந்தலைப் பார்த்துத் தலையைச் சொறிந்து, முதலில் கருவாட்டை எடுங்கோ அக்கா என்றார். பிலோமினா ஒரு மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, காயவில்லை என்றார்.

செபமாலை அண்ணன் நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மீன் பெட்டிக்கு மேல் வைத்தார். தலைவரைக் கூப்பிட்டு இரண்டு சிலைட்டின் தடித்த பூச்சையும் காட்டினார். எதில் கூட இருக்கிறது என்று கேட்டார். தலைவர் மாறி மாறிப் பார்த்து, இரண்டாவதுதான் மோசம், அது எந்தப் பருந்து என்றார்.

"அது உங்கட வீட்டுச் சேவல், தலைவர்."

சனம் சிரித்தது. பின்னுக்கு நின்ற ஒருவர், சேவலுக்கும் ஒரு கூட்டம் வைக்க வேணும் என்றார். செபமாலை அண்ணன் சிரிக்கவில்லை. தன் பிழையை, தடித்த பூச்சு, விதை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு, இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்றார். மெல்லிய பூச்சில் கண்டதைச் சொன்னார்.

சிரிப்பு அடங்கிப் போயிற்று.

"அப்ப இருக்கு" என்றார் தலைவர்.

"இருக்கு. ஆனா அது பருந்தின்ர. மனுஷருக்கு வராது. டொக்டரும் சொன்னவ."

தலைவர், இடம்பெயர்ந்து காட்டில் இருந்த காலத்தில் தன் தம்பிக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறியதையும், கதிரையில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு நடந்ததையும், வழியில் உயிர் பிரிந்து பாரம் மாறியதையும் அப்படியே மெல்லிய குரலில் சொன்னார். அப்போதும் இது சின்னக் காய்ச்சல், ஒன்றும் வராது என்றுதான் சொன்னார்களாம். மெஷின்காரர் குனிந்து, மெஷினைக் கிளப்புகிற கயிற்றைப் பிடித்தார்.

பிலோமினா பந்தலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். கை முழுக்க உப்பு. செபமாலை அண்ணனைப் பார்க்காமல், அவரைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"நான் திரும்பி வந்த கிழமை இந்த மனுஷன்தான் வந்து விரல் குத்தினது. இந்தியாவில இருந்து காய்ச்சல் கொண்டுவந்திருப்பம் எண்டு கிணத்தடியில வாளி தரேல்லை. மறந்துபோச்சோ? மூண்டு நாளால வந்து, பிலோமினா சுத்தம் எண்டு சொன்னார். அதுக்குப் பிறகுதான் வாளி தந்தியள்." அவர் தலைவரிடம் திரும்பினார். "எனக்கு இருந்திருந்தா என்ன செய்திருப்பியள்? ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டா மருந்து குடுக்கிறதோ, வீட்டை வெட்டுறதோ? சுத்தமானவைக்கு மட்டுமோ பாருங்க இந்த ஊர்?"

செபமாலை அண்ணன் தன் இடது கையை நீட்டினார். திங்கட்கிழமை அந்தக் குஞ்சின் இரத்தம் இந்தக் கையில்தான் பட்டது, ஊரில் யாருக்காவது காய்ச்சல் வரட்டும், முதலில் என் விரலைக் குத்திப் பாருங்கள் என்றார். இரண்டு மாதத்துக்கு எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது தன் வேலை என்றும் சொன்னார்.

தலைவர் இன்னொரு தரம் குனிந்து நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தார். எதைக் கண்டாரோ. நிமிர்ந்து, வந்த வழியே போனார். வெட்டு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. மெஷின்காரர் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, கால் கிலோ சூடைக் கருவாடு இருக்கே?" என்றார். இருந்தது.

வெள்ளி காலை 6.30. செபமாலை அண்ணன் வீட்டு விறாந்தையில் படுத்து எழும்பினேன். பிலோமினாவின் வேலியில் ஒரு நுளம்பு வலை மடித்துத் தொங்கியது. மலேரியாக் காலத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்த, மருந்து தோய்த்த நீல வலை. யார் போட்டது என்று பிலோமினா சொல்லவில்லை. ஒரு மூலையில் சேவல் இறகு ஒட்டியிருந்தது. கடிக்கிற நுளம்பு குஞ்சிலிருந்து மற்றப் பறவைகளுக்குக் கிருமியைக் காவாமல் இருக்க, கரப்புக்கு மேலே பிலோமினா அதைப் போர்த்தினார். நல்லாகக் கழுவிப் பிழிந்துதான், மருந்து பறவைக்கு ஆகாது என்று. கரப்புக்கு உள்ளே இருந்தது நேற்றை விடத் தெம்பாக இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படி இல்லை. ஆனால் சூடையை இரண்டாம் தரத்திலேயே வாங்கியது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற செபமாலை அண்ணனுக்கு பிலோமினா ஒரு கோப்பை தேத்தண்ணி நீட்டினார். பேச்சு இன்னும் இல்லை. தேத்தண்ணி வந்திருக்கிறது.

7.15க்கு நிசாரின் ஓட்டோ வந்தது. முருங்கனில் சிலைட்டைக் கொடுத்துவிட்டு அங்கே பஸ் எடுப்பதாகத் திட்டம். வெளிக்கிடும்போது செபமாலை அண்ணன் பழைய பதிவுக் கொப்பி ஒன்றை எடுத்துவந்தார். வேலைக் காலத்தில் மிஞ்சிய கொப்பி. சிலைட்டோடு ஒரு தாள் போக வேண்டுமாம், அது அவர் பழக்கம். பெயர் என்ற இடத்தில் பருந்து என்று எழுதினார். வயது, இரண்டு மாதம். விலாசம், மருதமரம், அரிப்பு. காய்ச்சல் தொடங்கிய நாள், திங்கள். கடைசிக் கட்டம், மலேரியா ஒழிந்த பிறகு எல்லாரிடமும் கேட்கிற கேள்வி: வெளிநாடு போய் வந்தவரா? பேனையை வைத்துக்கொண்டு பிலோமினாவைப் பார்த்தார்.

"இல்லை எண்டு எழுதுங்கோ அண்ணன்" என்றார் பிலோமினா. நாலு நாளைக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் பேச்சு. "இஞ்சதான் பிறந்தது. இஞ்சதான் இருக்கும்."

அவர் அப்படியே, சொல் மாறாமல் எழுதினார். கட்டம் போதாமல் ஓரத்துக்கும் போயிற்று. கிழித்து என் பிஸ்கற் தகரத்துக்குள், சிலைட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். முருங்கன் வரைக்கும் தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தேன். என்னது அண்ணே, பிஸ்கற்றா என்று நிசார் கேட்டார். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.